எங்கே பிடிப்பீர்கள் என்பதைக் கரையிலேயே சொல்லுங்கள்: ஸ்கூபா பயிற்சி அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து நீருக்குள் இறங்கும் ஸ்கூபா முக்குளிப்புக்கு விதிமுறை வகுத்து, பயிற்றுநர்களை அங்கீகரித்து, சான்றிதழ் வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

பயிற்றுநர் என்னைப் பிடித்த விதத்தைப் பற்றி உங்களில் ஓர் அமைப்பிடம் நான் கொடுத்த புகார் இரண்டே வரிப் பதிலோடு மூடப்பட்டுவிட்டது. பயிற்சியின்போது உடலைத் தொடுவது தவிர்க்க முடியாதது என்பது முதல் வரி. பயிற்சி விதிகள் எதுவும் மீறப்படவில்லை என்பது இரண்டாம் வரி. முதல் வரியில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாம் வரியும் உண்மையாக இருப்பதுதான் என் கோபத்துக்குக் காரணம். மீறுவதற்கு அங்கே விதி என்று ஒன்று இருந்தால்தானே! அந்த அமைப்பின் பெயரையோ, மையத்தின் பெயரையோ, பயிற்றுநரின் பெயரையோ நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரைக் கண்டித்தால் தீர்ந்துவிடும் விஷயமாக இதை நான் பார்க்கவில்லை.

நடந்தது இது. தொடக்கநிலைப் பயிற்சியில், மாஸ்க்குக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் காற்றை ஊதி அதை வெளியேற்றும் பாடம். மூக்கில் தண்ணீர் பட்டதும் புதியவர்கள் மிரண்டு மேலே பாய்வதுண்டு. அதனால் பயிற்றுநர் மாணவரைப் பிடித்துக்கொள்வார், பிடிக்கவும் வேண்டும். என்னோடு படித்த ஆணை எங்கள் பயிற்றுநர் மிதவை ஜாக்கெட்டின் தோள் வாரில் பிடித்தார். என்னை இடுப்பில் பிடித்தார். நடுநீரில் அசையாமல் மிதந்து நிற்கும் பாடத்தில் அந்த ஆணைச் சிலிண்டர் வால்வில் பிடித்து நிலைப்படுத்தினார். எனக்கு வயிற்றின் அடியில் கை கொடுத்தார், பாடம் முடிந்த பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது. கரையில் அந்த ஆணிடம், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் "எடைப்பட்டையை இறுக்கிக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொன்னார். என்னுடையதை, சொல்லாமல் கொள்ளாமல், தானே வந்து இறுக்கினார். ஒரே பயிற்றுநர், ஒரே பாடம், ஒரே ஆழம். உடல்கள் இரண்டு என்பதால் பிடியும் இரண்டு விதம். பயிற்றுநருடைய மனதில் என்ன இருந்தது என்று புகாரில் நான் எழுதவில்லை. அது எனக்குத் தெரியாது. கை எங்கே இருந்தது என்பது தெரியும், அதை மட்டுமே எழுதினேன்.

"அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்பதுதான் விசாரித்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

முக்குளிப்பைக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஓர் அமைப்பிலிருந்து இந்தக் கேள்வி வந்ததை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. எதைக்கொண்டு சொல்வது? வாயில் ரெகுலேட்டர் இருக்கிறது, அதை எடுத்தால் மூச்சு இல்லை. புதிய மாணவருக்குத் தெரிந்த சைகைகளோ சொற்பம்: சரி, ஏதோ கோளாறு, மேலே, கீழே, நில், காது வலிக்கிறது, காற்று குறைகிறது. "கையை அங்கிருந்து எடுங்கள்" என்பதற்கு நீங்கள் எனக்குச் சைகை எதுவும் கற்றுத்தரவில்லை. ஏதோ கோளாறு என்று கையை ஆட்டினால் பயிற்றுநர் இன்னும் நெருங்கி வந்து இன்னும் இறுக்கிப் பிடிப்பார். அப்படிச் செய்யத்தான் நீங்கள் அவரைப் பழக்கியிருக்கிறீர்கள்.

விலகிப் போயிருக்கலாமே என்றும் கேட்டார்கள். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டே ஒருவர் மேலே வந்தால், அந்தக் காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியலாம், காற்றுக்குமிழ்கள் இரத்தத்தில் புகுந்து மூளையை எட்டலாம். இரண்டு மீட்டருக்கும் குறைவான ஆழத்திலிருந்து மூச்சை அடக்கி எழுந்தாலும் இது நேரக்கூடும். ஒருபோதும் மூச்சை அடக்காதே, மெதுவாக ஏறு என்று முதல் வகுப்பிலேயே நீங்கள் சொல்லித்தருவது இதற்காகத்தான். ஆக, அருவருப்பிலோ பயத்திலோ சட்டென்று விலகி ஓடுவதே உயிரைப் பறிக்கக்கூடிய ஓர் இடத்துக்கு மாணவரை அழைத்துப் போகிறீர்கள். பிறகு, ஏன் விலகவில்லை என்று கேட்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. என் இடுப்பில் இருந்த அதே கைதான், காற்று தீர்ந்தால் மாற்று ரெகுலேட்டரை எனக்கு நீட்டவேண்டிய கை. அதைத் தட்டிவிடப் புதியவர் எவருக்கும் துணிவு வராது. மேலே வந்த பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான், நான் தேறினேனா இல்லையா என்று சொல்கிறவரும் அவர்தான். போதாததற்கு, முதன்முறையாக வருகிறவருக்கு இந்த விளையாட்டில் எது வழக்கம், எது வழக்கம் இல்லை என்பதே தெரியாது. இப்படித்தான் கற்றுக்கொடுப்பார்கள் போலும் என்று நினைத்துக்கொள்வார். எனக்கு வித்தியாசம் விளங்கியது பின்னாளில், வேறு பயிற்றுநர்களிடம் மேல்நிலைப் பயிற்சியும் மீட்புப் பயிற்சியும் பெற்றபோது. அவர்களில் எவரும் என்னை இடுப்பில் பிடிக்கவில்லை. நான் மூழ்கிப் போய்விடவும் இல்லை.

தொடவே கூடாது என்று நான் கேட்பதாக யாரும் திரிக்க வேண்டாம். தொடத் தயங்கும் பயிற்றுநரும் ஆபத்தானவர்தான். மாணவர் மேலே பாயும்போது ஓரிரு நொடிகளில் பிடித்து நிறுத்தவில்லை என்றால் விளைவை மேலே சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில், ஒலி எழுப்பி காற்றை விட்டுக்கொண்டே மேலேறும் அவசர ஏற்றப் பாடத்தில், பயிற்றுநர் மாணவரின் ஜாக்கெட்டைப் பிடித்தபடியே கூட ஏறுகிறார். மாணவர் மூச்சை அடக்கியது தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். அந்தப் பிடியை விட்டுவிடச் சொன்னால் நான் பைத்தியக்காரி. நினைவிழந்து அடியில் கிடப்பவரைத் தூக்கும்போது ரெகுலேட்டரை அவர் வாயோடு அழுத்திப் பிடித்து உடலை அணைத்துத்தான் மேலே கொண்டுவர வேண்டும். கரை சேர்ந்ததும் நெஞ்சை அழுத்த வேண்டும், வாயில் ஊத வேண்டும். அங்கே அனுமதி கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, யாரும் கேட்கவும் சொல்லவில்லை.

ஆனால் கவனியுங்கள். முக்குளிப்புப் பயிற்சிக்குத் தேவையான பிடிகள் கணக்கற்றவை அல்ல, தெளிவற்றவையும் அல்ல. ஏறக்குறைய எல்லாமே கருவியின் மேலோ கை, காலின் நுனியிலோ விழும் பிடிகள்தாம். முதுகுப்பக்கம் சிலிண்டர் வால்வு, தோள் வார், முழங்கைக்கு மேல் கை, மணிக்கட்டு, காலில் மாட்டும் துடுப்பான ஃபின். நீந்தத் தெரியாதவரை முதன்முதலாகத் தண்ணீருக்குள் அழைத்துச் செல்லும் அறிமுக முக்குளிப்பில்கூட, நல்ல பயிற்றுநர் பின்னாலிருந்து ஒரு கையால் வால்வைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஜாக்கெட்டில் காற்றை ஏற்றி இறக்கும் காற்றுக் குழலை இயக்குவார். இது நாகரிகத்துக்காக மட்டும் அல்ல. மேற்பரப்பில் பீதியில் துடிக்கும் ஒருவரைப் பின்னாலிருந்து வால்வில் பிடித்து, சிலிண்டரை முழங்கால்களால் கவ்வி அடக்க வேண்டும் என்று மீட்புப் பயிற்சியில் எனக்குச் சொல்லித்தந்தார்கள். முன்பக்கமாகப் போனால் அவர் மீட்க வந்தவரையே கட்டிப்பிடித்து மூழ்கடிப்பார். இடுப்பைப் பிடித்தால், நாம் அணியும் ரப்பர் உடையான வெட்சூட்டின் ஈரத்தில் கை வழுக்கும். வால்வு வழுக்காது. பாதுகாப்பான பிடியும் மரியாதையான பிடியும் பெரும்பாலான நேரங்களில் ஒன்றாகவே இருக்கின்றன. பாதுகாப்பைக் காரணம் காட்டி இடுப்பைப் பிடித்ததை நியாயப்படுத்தியவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

சிக்கலான இடங்கள் இல்லாமல் இல்லை. காற்றுக் குழல் இடது தோளிலிருந்து மார்பின் மேல் தொங்குகிறது. பல ஜாக்கெட்டுகளில் அடிப்பக்கக் காற்றுப்போக்கியின் கயிறு இடுப்புக்கருகே இருக்கிறது. சில வார் அமைப்புகளில் ஒரு வார் கால்களுக்கிடையே போகிறது. வெட்சூட்டின் முதுகு ஜிப்பைத் தானே எட்டி இழுப்பது பலருக்கு முடியாது. உடன் இறங்கும் கூட்டாளியின் கருவிகளைச் சரிபார்க்கும் சோதனையில் எடைப்பட்டையின் கொக்கியையும் பார்த்தாக வேண்டும். ஆனால் இவற்றில் ஒன்றுகூட நடுக்கடலில் திடீரென்று முளைப்பது இல்லை. குழலை நுனியில் பிடித்துத் தூக்கலாம். கயிற்றை இழுக்க ஒரு நொடி போதும், கை அங்கே தங்க வேண்டியதில்லை. கால்வாரைப் போட்டிருப்பவரே மாட்டிக்கொள்ளலாம். கொக்கியைத் தொடும் முன் "எடைக் கொக்கியைப் பார்க்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். கரையில், படகில், குளத்தின் ஓரத்தில் எல்லோருக்கும் வாய் இருக்கிறது.

தண்ணீருக்கடியில் பேச முடியாதே என்பதை நீங்கள் சாக்காகச் சொல்கிறீர்கள். பேச முடியாது என்பதால்தானே மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசிவிடுகிறீர்கள்? எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், சிலிண்டரில் எவ்வளவு காற்று மிஞ்சும்போது திரும்புவது, கூட்டாளியைத் தவறவிட்டால் எத்தனை நிமிடம் தேடுவது, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று ஒன்றையும் விடாமல் ஒப்பிக்கும் உங்கள் பயிற்றுநர், தன் கை எங்கே வரும் என்பதை மட்டும் சொல்வதில்லை. என்னிடம் நிரப்பித்தரச் சொன்ன மருத்துவப் படிவம் என் காதை, மூச்சுக்குழலை, இதயத்தை, மனநிலையை, அறுவைச் சிகிச்சைகளை எல்லாம் துருவிக் கேட்டது. கர்ப்பமாக இருந்தால் முக்குளிக்காதே என்றது. என் உடலைப் பற்றி இவ்வளவு கேட்டவர்கள், அந்த உடலை எப்படிக் கையாளப்போகிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. குகை முக்குளிப்பாளர்கள் சேறு கலங்கி ஒன்றுமே தெரியாத இருளில் கூட்டாளியின் கையையோ காலையோ பற்றிக்கொண்டு வெளியேறுகிறார்கள். முன்னே தள்ளினால் போ, அழுத்தினால் நில், இழுத்தால் பின்னே வா. எங்கே பிடிப்பது, எந்தப் பிடிக்கு என்ன பொருள் என்பதை இறங்கும் முன்பே பேசி, கரையில் ஒத்திகையும் பார்த்துவிடுகிறார்கள். பார்வையற்றோருக்கு முக்குளிக்கக் கற்றுத்தரும் பயிற்றுநர்கள் எல்லாச் சைகைகளையும் தொட்டுத்தான் சொல்ல வேண்டும். அவர்களும் ஒவ்வொரு தொடுகையையும் மாணவரோடு முன்பே முடிவு செய்துகொள்கிறார்கள். மற்ற எவரையும்விட அதிகமாகத் தொட வேண்டிய இவர்களே பேசிவைத்துத் தொடும்போது, தெளிந்த நீச்சல் குளத்தில் பாடம் எடுப்பவருக்கு என்ன தடை?

"இது துறையின் நுட்பம்" என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் கேள்வி அடங்கிவிடும் என்பதை மற்ற விளையாட்டுகள் மிகக் கசப்பாகக் கற்றுக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் சிகிச்சை என்ற பெயரில் பாலியல் அத்துமீறல் செய்ததாக ஒரு பெண் கொடுத்த புகாரை 2014-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் விசாரித்து, அவர் செய்தது முறையான சிகிச்சைதான் என்று முடித்துக்கொண்டது. அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட 2018-ல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் நின்று பேசினார்கள். என் பயிற்றுநரை அந்த ஆளோடு நான் ஒப்பிடவில்லை, அப்படி ஒப்பிடுவது அநியாயம். ஒப்பிடுவது உங்கள் பதிலை. "துறை சார்ந்தவர்கள் சொல்கிறார்கள், இது வழக்கமானதுதான்" என்ற அந்தப் பதிலை. விளையாட்டில் பாலியல் தொல்லை குறித்துச் சர்வதேச ஒலிம்பிக் குழு தன் நிலைப்பாட்டை 2007-லேயே வெளியிட்டுவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022-ல் சட்டத்தைத் திருத்தி, 16, 17 வயதினரோடு பாலியல் உறவு கூடாது என்று ஆசிரியர்களுக்கு இருக்கும் அதே தடையை விளையாட்டுப் பயிற்றுநர்களுக்கும் விரித்தார்கள். உங்களில் பலர் 10 வயதுக் குழந்தைகளுக்கே சான்றிதழ் தருகிறீர்கள். எனக்கு, வளர்ந்த ஒருத்திக்கு, வார்த்தை வரவில்லை. அந்தக் குழந்தைக்கு எங்கிருந்து வரும்?

பயிற்றுநர்கள் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். பெண் மாணவரைப் பிடிக்கவே அச்சமாக இருக்கிறது, நாளைக்கு என்ன சொல்வார்களோ என்று ஆண் பயிற்றுநர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவருடைய கவலை பொய்யல்ல. மாணவர்களின் கை தங்கள் மேல் படுவதைப் பற்றிப் பெண் பயிற்றுநர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது, அதைக் கேட்கவும் உங்களிடம் ஆள் இல்லை. எங்கே பிடிக்கலாம் என்று எழுதிவைத்திருந்தால், வால்வைப் பிடித்தவர் நிம்மதியாகத் தூங்குவார். விதி இல்லாத இடத்தில் ஒழுங்கானவரும் ஒழுங்கற்றவரும் ஒரே மாதிரித் தெரிகிறார்கள். அதில் யாருக்கு லாபம் என்று நீங்களே யோசியுங்கள். (போகிறபோக்கில் ஒன்று: முக்குளித்து முடித்ததும் ஈர உடையோடு தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு எந்தப் பாடத்திலும் இடம் இல்லை. அதை எந்தப் பாதுகாப்புக் காரணத்தாலும் விளக்க முடியாது.)

இனி என் கோரிக்கைகள்.

ஒவ்வொரு பாடத்துக்கும் பயிற்றுநர் எங்கே பிடிக்கலாம் என்பதை உங்கள் பயிற்சி விதிகளில் எழுதுங்கள். மாஸ்க் பாடத்துக்குத் தோள் வார், மிதந்து நிற்பதற்கு வால்வு என்று வெளிப்படையாக எழுதுங்கள். பயிற்றுநர் கையேட்டில் மட்டும் போட்டால் பயனில்லை, மாணவர் புத்தகத்திலும் அதே வரிகள் அதே படத்துடன் வர வேண்டும். உயிருக்கு ஆபத்து நேரும் தருணத்துக்கு இந்த வரம்புகள் பொருந்தாது என்பதையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்படி ஒரு தருணம் நேர்ந்தால், கரைக்கு வந்ததும் பயிற்றுநர் மாணவரிடம் காரணத்தைச் சொல்லிப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

முக்குளிக்கும் முன் தரும் விளக்கத்தில் இதைக் கட்டாயமாக்குங்கள். இன்று உங்களை எங்கே, எப்போது, எதற்காகப் பிடிப்பேன் என்று பயிற்றுநர் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? பிடியை மாற்றச் சொல்வதற்கு ஒரு சைகையை வகுத்து, காது வலிக்கான சைகையோடு சேர்த்து முதல் வகுப்பிலேயே எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். அந்தச் சைகையைக் கண்டதும் பயிற்றுநரின் கை வால்வுக்குப் போய்விட வேண்டும். பிடியை விடச் சொல்லவில்லை, மாற்றத்தான் சொல்கிறேன். கரையில் வார், ஜிப், எடைப்பட்டை எதுவானாலும் கேட்டுவிட்டுத் தொடட்டும், மாணவரால் தானே செய்ய முடிந்ததை மாணவரே செய்யட்டும்.

பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் பாடம் நடக்கும்போது இன்னொரு பெரியவர் பார்வைக்குள் இருக்க வேண்டும். உடை மாற்றும் இடத்தில் பயிற்றுநருக்கு வேலை இல்லை. பிடிகளைப் பற்றிய பக்கத்தைப் பெற்றோர் படித்த பிறகே சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

புகாரை மையத்தின் உரிமையாளரிடமோ பயிற்றுநரின் நண்பர்களிடமோ அனுப்பாமல், அவர்களோடு தொழில் உறவு இல்லாத ஒருவரிடம் ஒப்படையுங்கள். புகார் நிலுவையில் இருக்கும்போது மாணவரின் சான்றிதழ் வேறு பயிற்றுநர் மூலம் முடிக்கப்பட வேண்டும். என் புகாரையும் மீண்டும் திறக்க வேண்டும் என்று கேட்கிறேன். அதே பாடத்தில் என் பக்கத்தில் இருந்தவரின் பெயரை நான் கொடுத்திருந்தேன், அவரும் பேசத் தயாராக இருந்தார். அவரை யாரும் அழைத்துக் கேட்கவே இல்லை. சாட்சியைக் கேட்காமல் எழுதிய முடிவை விசாரணை முடிவு என்று நான் ஏற்கமாட்டேன்.

கடைசியாக, பயிற்றுநர்கள் தங்கள் தகுதியைப் புதுப்பிக்க வரும்போது, இந்த விதிகளைப் படித்துத் தேறியதை அதற்கு நிபந்தனையாக்குங்கள். உங்கள் கையேடுகளின் அடுத்த திருத்தத்துக்கு முன் இவற்றுக்கு எழுத்தில் பதில் தாருங்கள், எல்லா மாணவர்களும் படிக்கும்படி வெளியிடுங்கள். ஏற்க முடியாது என்று ஏதேனும் இருந்தால், எதை, எந்தப் பாடத்தில், எந்தப் பாதுகாப்புக் காரணத்துக்காக ஏற்க முடியவில்லை என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சான்றிதழ் பெற்ற ஒரு முக்குளிப்பாளர்